மூன்று பின்கதவுகளும் ஒரு கொசுறு மீனும்

இங்கே மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதில்லை. விலை பேசுவதும் இல்லை. பெயர் எழுதிய பொட்டலத்தைப் பின்கதவில் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிக் கதவைச் சாத்துகிறார்கள். எட்டு ஆண்டுகளாகியும் இது எனக்குப் பழகவில்லை.

நான் இருப்பது ஈரி ஏரிக்கரையில் உள்ள நடுத்தரமான ஓர் அமெரிக்க நகரம். கப்பலில் சமையல்காரனாக வந்து, முறையான காகிதங்களோடு இறங்கி, விட்டோ என்ற இத்தாலியரின் மீன்கடையில் வண்டி ஓட்டுகிறேன். இங்கே பணம் சேர்ந்தவர்கள் நகரத்துக்குள் இருப்பதில்லை. பத்து மைல் தள்ளிப் போய்விடுகிறார்கள். அப்படி மூன்று புறநகர்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் மீன் கொண்டுபோகிறேன். பழைய பணம் ஏரிக்கரையில் இருக்கிறது. வீடுகள் மரங்களுக்குப் பின்னால் மறைந்திருக்கும். பெயிண்ட் உரிந்தாலும் கவலைப்படமாட்டார்கள். ஆலை முதலாளிகள் மேட்டில் இருக்கிறார்கள். அங்கே புல்கூட ஒரே உயரம். இப்போது முடிந்த உலகப் போரில் பணம் பார்த்தவர்கள் கோல்ஃப் மைதானத்தைச் சுற்றிப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு இரண்டு கார். தூத்துக்குடியில் தண்ணீரை ஒட்டி இருப்பவை எங்கள் குடிசைகள். இங்கே தண்ணீர் தெரிந்தால் நிலத்தின் விலை ஏறுகிறது.

என் மனைவி ரோசலி ஊரில் பங்களாக்களுக்கு மீன் விற்கிறாள். சில நாள் நானும் கூடை சுமந்து பின்னால் போயிருக்கிறேன். உப்பளக்காரர் வீட்டு அம்மா செவுளைப் பார்த்து, விலையை அடித்துப் பேசி, கூடையைத் தூக்கும்போது சொல்வார்: "ஏளா ரோசலி, கொசுறு போடாம எங்கன போற?"

"ஒங்க உப்பளத்துல எனக்கு நாலு பாத்தி கொசுறாத் தாங்கம்மா, நானும் போடுதேன்."

இருவரும் சிரிப்பார்கள். இரண்டு சாளை கூடுதலாக விழும். கொசுறு விழாத வீட்டுக்கு மறுநாள் போக முகம் இராது.

இந்தியர்களும் இந்நாட்டுக் குடியுரிமை கேட்கலாம் என்று சட்டம் வந்திருக்கிறது. அது கிடைத்தால்தான் ரோசலியை அழைக்க முடியும். நன்னடத்தைக்கு இரண்டு குடிமக்கள் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் போட்டுவிட்டார். விட்டோவும் சம்மதித்தார். அந்தச் சந்தோஷத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

வெள்ளிதோறும் என் சாப்பாட்டுக்கென்று விட்டோ மூன்று சிறிய பெர்ச் மீன் தருவார். அவற்றை அன்று புறநகருக்கு ஒன்றாக, நெடுநாள் வாங்கும் மூன்று வீடுகளில் பொட்டலத்தின்மேல் வைத்துக் கொடுத்தேன். கூச்சத்தில் எதுவும் சொல்லவில்லை.

திங்களன்று மேட்டு வீட்டு அம்மாள் கடைக்கு டெலிபோன் செய்தாள்: மீன் ஒன்று கூடுதலாக வந்திருக்கிறது, யாருடையது?

விட்டோ என்னைக் கேட்டார். என்னுடையது என்றேன். கடையில் இருப்பதெல்லாம் தன்னுடையது என்றார் அவர். அதற்குமேல் எனக்கு ஆங்கிலம் வரவில்லை. கையெழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே போய்விட்டார்.

காயல்பட்டினத்துச் செய்யது இங்கே ஓர் ஓட்டல் சமையலறையில் இருக்கிறார்; அவர் ஊர் வழக்கப்படி, அண்ணன் என்ற முறையில் காக்கா என்று கூப்பிடுவேன். அவரிடம் சொன்னேன்.

"ஏலே சவேரி, அவ ஒங்கிட்ட கொசுறு கேட்டாளா?"

"கேக்கல, காக்கா."

"கேக்காதவளுக்குப் போட்டா அவ களவு முதலுன்னுதான் நெனப்பா. அந்த இத்தாலிக்காரன்ட்ட வெவரமாச் சொல்லுலே. ஒன் வாயி என்ன முத்துச்சிப்பியா, கத்தி போட்டுத் தொறக்க?"

அடுத்த வெள்ளி காலை, தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாக அடுக்கி விட்டோவிடம் சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. அந்த மூன்று வீட்டிலும் தானே கேட்பதாகச் சொல்லி வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ஏரிக்கரை வீட்டுச் சமையல்காரி, அந்த மீனைப் பூனைக்குப் போட்டதாகச் சொன்னாள். கோல்ஃப் பக்கத்து வீட்டு அம்மாளின் முகம் சிவந்தது. கடை தவறுதலாகக் கூடுதலாக அனுப்பியது என்றெண்ணிப் பேசாமல் இருந்துவிட்டாளாம். மேட்டு வீட்டு அம்மாள் உள்ளே போய், மெழுகுத்தாளில் சுற்றி ஒரு வாரம் குளிர்பெட்டியில் காத்துவைத்திருந்த மீனைக் கொண்டுவந்து, உரியவரிடம் சேர்க்கும்படி நீட்டினாள்.

விட்டோ தாளைப் பிரித்துப் பார்த்தார். விரல் நீளம்தான் இருந்தது. அந்த அளவு மீனை அவர் யாருக்கும் விற்றதில்லை. எனக்கு மட்டும் கொடுத்திருக்கிறார். வண்டிக்குத் திரும்பியதும் என் காகிதத்தைக் கேட்டு வாங்கி, என்ஜின் மூடியின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். இங்கே எண்ணிக்கை சரியாக இருக்கவேண்டும், இனி இப்படிச் செய்யாதே என்றார். சரி என்றேன்.

அந்த வாரம் ரோசலியின் கடிதம் வந்தது. யாரோ அவள் சொல்லச்சொல்ல எழுதியது. "நான் வந்தா ஒங்ககூட நானும் யாவாரத்துக்கு வாரேன். அங்கன உள்ள அம்மாமாரு கொசுறு கேப்பாகளா?" அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.

நேற்று மேட்டு வீட்டில் பொட்டலத்தைக் கொடுத்தேன். அம்மாள் நன்றி சொன்னாள். கையெழுத்தான காகிதம் சட்டைப்பையில் இருந்தது. என் வலது கை அதன் பாட்டுக்கு, இடது கையில் தொங்கிய, என் பங்கு மீன்கள் கிடந்த வாளிக்குள் போய் ஒரு சின்ன மீனின் வாலைப் பிடித்துவிட்டது. கதவு சாத்தியபிறகும், பனி தூவிய படியில், அதை மேலே எடுக்காமலும் விடாமலும் சற்று நேரம் நின்றேன்.