ஒரு கண்ணுக்கு மட்டும்

மதகடிப்பட்டில் துணிக்கடை நடத்தும் ஜொஹரா பீவி யாரையும் லேசில் நம்ப மாட்டார். சாயம் போகாது என்று சொல்லி வரும் துணியையும் ஈரக் கையால் தேய்த்துப் பார்த்த பிறகுதான் அடுக்கில் வைப்பார். அறுபத்தோரு வயதில் அவர் கண்கள் உறுத்த ஆரம்பித்தன. நாள் முழுக்க நீர் வழிந்தது. கடைக்கு வருகிறவர்கள் அவர் அழுவதாக நினைத்து, வீட்டில் என்ன பிரச்சினை என்று விசாரிக்கத் தொடங்கியதும், மருமகள் ஃபைஜா அவரைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனாள்.

"கண்ணு காஞ்சிபோயிருக்கும்மா," என்றார் டாக்டர் இளவரசி.

"தண்ணி கொட்டுதுன்னு வந்தா காஞ்சிபோச்சின்றீங்க. இன்னா டாக்டர் இது?"

இமை ஓரத்தில் எண்ணெய் சுரக்கும் துளைகள் அடைத்திருக்கின்றன, எண்ணெய் இல்லாமல் கண்ணீர் சீக்கிரம் உலர்ந்துவிடுகிறது, அந்த உறுத்தலில்தான் இப்படி நீர் கொட்டுகிறது என்று டாக்டர் விளக்கினார். இமையைச் சூடாக்கி, அழுத்தி, அடைப்பை எடுக்க ஒரு மெஷின் இருந்தது. பன்னிரண்டு நிமிட வேலை.

மெஷின் புத்தம் புதிதாக இருந்தது. "வாங்கிட்டு ஆள் புடிக்கிறாங்க," என்று ஃபைஜாவின் காதில் சொன்ன ஜொஹரா பீவி, டாக்டரிடம் திரும்பினார். "அடைப்ப எனக்குக் காட்டுங்க."

டாக்டர் கீழிமையை மெல்ல அழுத்தித் திரையில் காட்டினார். பற்பசைபோல வெள்ளையாக ஏதோ பிதுங்கியது.

"சீழா?"

"எண்ணெய்தாம்மா. கெட்டியாயிடுச்சி."

"அப்போ வலது கண்ணுக்கு மட்டும் பண்ணுங்க. இன்னொன்னு அப்படியே கெடக்கட்டும்."

"மாமி!" என்று ஃபைஜா கூசினாள். டாக்டர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

மரத்துப்போக மருந்து விட்டு, இமைக்குள் மெஷினின் சின்ன மூடி ஒன்றைப் பொருத்தினார்கள். சூடு ஏறியது; மெஷின் இமையை அமுக்கி அமுக்கி விட்டது. இடது கண் டாக்டரின் கையை விட்டு அகலவில்லை.

ஒரு வாரம் மாற்றமே இல்லை. "நான் சொல்லல?" என்றார் ஜொஹரா பீவி. நாலாவது வாரம், கடை ஃபேனுக்கு எதிரே நின்று ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்துக்கொண்டிருந்தவரை ஃபைஜா பிடித்துவிட்டாள். இடது கண்ணில்தான் நீர் ஒழுகியது.

"இப்பவாவது நம்புறீங்களா மாமி?"

"நாலு நாள் போவட்டும்டி."

பத்து நாள் கழித்து இடது கண்ணுக்கும் செய்துகொண்டார். தினமும் வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டும், ஒரு வருஷத்தில் மறுபடி அடைத்தாலும் அடைக்கலாம் என்றார் டாக்டர்.

ஜொஹரா பீவியின் முகம் மாறியது. "ஒத்தடம் குடுக்கறேன். அடுத்த வருஷம் வரேன். ஆனா மெஷின ஆன் பண்றதுக்கு முன்னாடி, அடைச்சிருக்கான்னு காட்டணும்."