பத்தாவது பெயர்

புதுச்சத்திரத்தில் அர்த்தநாரி அண்ணனின் கிடங்கில் நாங்கள் பத்துப் பேர் வேலை செய்தோம். ரெஜிஸ்டரில் ஒன்பது பெயர்தான் இருந்தது. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரண்டில் ஓடும் இயந்திரம் வைத்துப் பத்துப் பேருக்கு வேலை கொடுத்தால், சட்டப்படி அது தொழிற்சாலை. லைசென்ஸ் வாங்க வேண்டும், கட்டட வரைபடத்தை அனுப்பி ஒப்புதல் பெற வேண்டும், இன்னும் பல இருக்கின்றன. ஒன்பது பேர் என்றால் அவற்றை யாரும் கேட்பதில்லை.

அண்ணன் சேலத்தில் பாலிடெக்னிக் முடித்தவர். இரண்டு வருடம் ஒரு மில்லில் மோட்டார் பார்த்தார். பிறகு வேலையை விட்டுவிட்டு, 1981இல் ஊருக்கு வந்து ஸ்டெபிலைசர் செய்ய ஆரம்பித்தார். வீட்டில் பெரிய சண்டை நடந்தது. தோட்டம் இருக்கிறது, கிணறு இருக்கிறது, தகரப் பெட்டி செய்து எதற்கு விற்க வேண்டும் என்றார்கள். அந்தக் கிணறுகளால்தான் என்பார் அண்ணன். கரண்ட் வந்ததும் எல்லாத் தோட்டத்திலும் மோட்டாரைப் போடுவார்கள். ஊரில் வோல்டேஜ் இறங்கி பல்பு எல்லாம் சிவந்து மங்கிவிடும். பிரிட்ஜ் வைத்திருக்கும் மருந்துக் கடைக்காரர்களும் டாக்டர்களும் தவித்துப் போவார்கள்.

கடலைக்காய்க் கிடங்கு ஒன்று அவருடைய பெரியப்பா சென்றாயனிடம் சும்மா கிடந்தது. பெரியப்பா அதைக் கொடுத்தார். ஆனால் ஒன்று சொன்னார். "என்ன வேணாலும் பண்ணிக்க. எங்கெடங்கு பேருல கவருமெண்டு காயிதம் ஒண்ணு வந்துச்சுன்னா அன்னைக்கே காலி பண்ணிரோணும்." தான் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். அவர் கையெழுத்து இல்லாமல் லைசென்ஸ் கிடைக்காது. அதனால் இரண்டு வருடமாக அண்ணன் ஒன்பதைத் தாண்டவில்லை.

தாண்ட வைத்தது ரோசி. சேலத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் இருந்தவள். கடையை மூடியதும் இங்கே வேலை கேட்டு வந்தாள். செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்ற எங்களுக்குத் தெரியும். எங்களோடு இருந்த மயில்சாமி அண்ணனைப் போல் டிரான்ஸ்பார்மர் சுற்ற சேலம் டவுனிலேயே ஆள் கிடையாது. ஆனால் முடிந்த பெட்டியைச் சோதித்து, எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க அர்த்தநாரி அண்ணனை விட்டால் ஆளில்லை. ரோசி வந்த பிறகு திரும்பி வரும் பெட்டிகள் நின்றுபோயின. அவள் சோதித்த பெட்டிக்கு ஒரு அட்டை கட்டி, தேதி போட்டு, 'ரோசி' என்று கையெழுத்துப் போடுவாள்.

அரசாங்க ஜீப் ஏதாவது ரோட்டில் தென்பட்டால் எதிரே டீக்கடை வைத்திருந்த மணியன் ரேடியோவைச் சத்தமாக வைப்பார். உடனே ரோசி பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய் பஸ் ஸ்டாப்பில் நிற்பாள். ஜீப் போனதும் வருவாள். எப்போதும் அவள்தான்.

"ஏன் ஒவ்வொரு தடவையும் நானே போவணும்?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"நாங்க நின்னா போறவன் வாரவனெல்லாம் எங்க போறீங்கன்னு கேப்பான். எங்க ஊட்டுக்குச் சேதி போயிரும்," என்றாள் எங்களோடு காயில் சுற்றும் பாப்பாயி. "நீ சேலத்துப் புள்ள. உன்னைய ஆரு கேக்கறா?"

ரோசியும் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். அதில் தப்பு இருப்பதாக அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

1984 அக்டோபரில் அண்ணனுக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. ஆஸ்பத்திரிகளில் தடுப்பூசி மருந்து வைக்கும் பிரிட்ஜ்களுக்கு எண்பது ஸ்டெபிலைசர். மெட்ராஸிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் எடுத்துக்கொள்வார்கள். அவர் வெள்ளிக்கிழமை வருவதாகக் கடிதம் வந்திருந்தது. இந்த ஆர்டருக்காக அண்ணன் மற்ற வேலையை எல்லாம் ஒதுக்கியிருந்தார். எண்பது பெட்டியும் நின்றுபோனால் கிடங்கையே மூட வேண்டியதுதான்.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு மணியன் ரேடியோ அலறியது. ரோசி பையை எடுத்துக்கொண்டு போனாள். ஜீப் வாசலில் வந்து நின்றது. இறங்கியவர் பேக்டரி இன்ஸ்பெக்டர் இல்லை. மெட்ராஸ் இன்ஜினியர்தான் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்.

அடுக்கி வைத்திருந்த பெட்டிகளில் நடுவிலிருந்து ஒன்றை உருவி அட்டையைப் பார்த்தார்.

"ரோசிங்கறது யாரு?"

"இன்னைக்கு லீவுங்க," என்றார் அண்ணன்.

"இன்னைக்குத் தேதி போட்டிருக்கே."

மயில்சாமி அண்ணன் முன்னால் வந்தார். அவர் அண்ணனுக்கு மச்சான் முறை. "நாந்தானுங்க டெஸ்ட் பண்றது. அந்தப் புள்ள சும்மா எழுதறதோட செரிங்க."

"அப்ப இதைப் பண்ணிக் காட்டுங்க."

மயில்சாமி அண்ணன் பெட்டியை மேசையில் வைத்து ஒயரை மாட்டினார். சுவிட்சைப் போட்டார். மேசை மேலிருந்த பல்பு எரியவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டார். எரியவில்லை. ஒயரை ஆட்டினார். பெட்டியின் தலையில் லேசாகத் தட்டினார். பாப்பாயி கண்ணை மூடிக்கொண்டாள்.

"பிரிட்ஜுக்குக் குடுக்கற ஸ்டெபிலைசர் மூணு நிமிஷம் கழிச்சுத்தான் கரண்ட் விடும். உங்க அட்டையிலயே அச்சடிச்சிருக்கு," என்றார் இன்ஜினியர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எங்களை அதிகம் பயமுறுத்தியது. "இது குழந்தைங்களுக்குப் போடற மருந்து. யார் டெஸ்ட் பண்ணாங்கன்னு தெரியாம நான் கையெழுத்துப் போட முடியாது. அந்தம்மா பேர் இருக்கற ரெஜிஸ்டரும் வேணும். மூணரைக்கு நான் கிளம்பணும்."

அண்ணன் ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போனார். அங்கே நடந்ததை ரோசி பிறகு எங்களுக்குச் சொன்னாள்.

"ஜீப் போயிருச்சா சார்?"

"போகலெ. வா, உன்னையத்தான் கேக்கறாரு."

"என்னன்னு சொல்லிக் காட்டுவீங்க?"

"டெஸ்டர்னு."

"ரெஜிஸ்டர்ல இல்லாத டெஸ்டரா?"

"மயில்சாமி பேரை அடிச்சுட்டு உன் பேரை எழுதறேன். இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான் புள்ள."

"அப்புறம் அவரை எங்க நிக்க வைப்பீங்க? இங்கயா?" என்று கேட்டாள் ரோசி. "எழுதறதா இருந்தா பத்தாவதா எழுதுங்க. இல்லன்னா இந்த பஸ்ஸுல நான் ஊருக்குப் போறேன். நாளைக்கு வரமாட்டேன்."

நாமக்கல் பக்கமிருந்து சேலம் பஸ் வந்துகொண்டிருந்தது.

"பெரியப்பா கெடங்கைப் புடுங்கிக்குவாரு. உனக்குத் தெரியாததா?"

"தெரியும் சார்."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கதவைத் திறந்து, "ஏறும்மா, ஏறும்மா" என்றார். ரோசி அண்ணனின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். அண்ணன் ரோட்டைப் பார்த்தார், கிடங்கைப் பார்த்தார். கடைசியில் கண்டக்டரிடம், "நீங்க போங்க, இவங்க வரல," என்றார்.

உள்ளே வந்ததும் எல்லோர் முன்னாலும் ரெஜிஸ்டரைத் திறந்தார். ஒன்பது பெயருக்குக் கீழே பத்தாவது பெயரை எழுதி அன்றைய தேதியைப் போட்டார். ரோசி மேசையில் உட்கார்ந்தாள். இன்ஜினியர் எடுத்துக் கொடுத்த ஆறு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம் காத்திருந்தாள். ஐந்தாவது பெட்டியில் தானே ஒரு கோளாறைக் கண்டு, "இது வேண்டாங்க, உள்ள இருக்கற ரிலே சுவிட்சு லேட்டாப் புடிக்குது," என்று ஒதுக்கி வைத்தாள். இன்ஜினியர் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுபத்தொன்பது பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலையே அண்ணன் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார். பேக்டரி இன்ஸ்பெக்டர் கேட்டால் ரோசி இந்த வியாழக்கிழமைதான் வேலைக்குச் சேர்ந்தாள் என்று சொல்ல வேண்டும். அப்படியென்றால் விண்ணப்பம் போட அவகாசம் கொடுப்பார்கள். அதற்குள் பெரியப்பாவிடம் மெதுவாகப் பேசிக் கையெழுத்து வாங்கிவிடலாம். எல்லோரும் சரி என்றோம். ரோசி ஒன்றும் சொல்லவில்லை. அதை நாங்கள் கவனிக்கவில்லை.

பதினோராம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். மணியன் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். ரோசி எழுந்திருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ரெஜிஸ்டரைப் பார்த்தார், தலைகளை எண்ணினார். கடைசிப் பெயரில் விரலை வைத்து, "புது ஆளா?" என்றார். பிறகு நேராக ரோசியிடம் கேட்டார். "எப்பம்மா சேர்ந்தே?"

"போன வருஷம் ஆகஸ்ட்டுங்க."

மயில்சாமி அண்ணனின் கையிலிருந்த கம்பி அறுந்தது. இன்ஸ்பெக்டர் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"ரெஜிஸ்டர்ல இந்த மாசம்னு இருக்கு. எது நிஜம்?"

அண்ணன் ரோசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. அந்தப் புள்ள பொய் சொல்கிறாள் என்று அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாங்கள் ஒன்பது பேரும் அதற்குச் சாட்சி சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தோம்.

"அந்தப் புள்ள சொல்றதுதானுங்க நெசம்," என்றார் அண்ணன். பேனாவை எடுத்துத் தேதியை அடித்துவிட்டுப் போன வருஷத் தேதியை எழுதினார்.

"திருத்தினா அதுக்கும் தனியா எழுதுவேன்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"எழுதிக்குங்க."

அவர் மூன்று பக்கம் எழுதினார். ஜீப் போன பிறகு அண்ணன் ரோசியின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஒரு சொல்லு மாத்திச் சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பமே."

"நீங்க தப்பிச்சிருப்பீங்க சார். நான் பதினோரு நாள் வேலை பாத்தவளா ஆயிருப்பேன்."

நோட்டீஸ் வருவதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று அண்ணன் பெரியப்பாவின் தோட்டத்துக்குக் கிளம்பினார். "நானும் வாரேன் மாப்ள," என்றார் மயில்சாமி அண்ணன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் தனியாகவே போனார்.

அந்த மாதக் கடைசியில் கிடங்கைக் காலி செய்தோம். ராசிபுரம் ரோட்டில் ஒரு கொட்டகை வாடகைக்குக் கிடைத்தது. அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டோம் என்று பாப்பாயி வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஆக ஒன்பது பேர்தான் போனோம். லைசென்ஸ் கேட்காமலே அங்கே தொழிலை நடத்தியிருக்கலாம், சட்டம் ஒன்றும் சொல்லாது. மயில்சாமி அண்ணன் அதைச் சொல்லியும் பார்த்தார். அர்த்தநாரி அண்ணன் பத்துப் பேருக்கே விண்ணப்பம் எழுதி அனுப்பிவிட்டு, இன்னொரு ஆளைத் தேடத் தொடங்கினார்.