அப்பா திருப்பி எறிந்த பந்து

பருத்தித்துறையில் பிறந்து, திருச்சி அகதி முகாமில் இளமையைக் கழித்து, சிட்னி கிரவீனில் கண்மூடிய எங்கள் அப்பாவைப் பற்றி அவரின் இளைய மகளாகிய நான் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன். அமைதியானவர், பண்பானவர், யாரிடமும் கை நீட்டாதவர் என்று எல்லோரும் அஞ்சலியில் சொல்லிவிட்டீர்கள். உண்மைதான். ஆனால் இறுதிக்கிரியை அன்று மண்டபத்துக்கு வெளியே தேநீர்க் கோப்பையோடு நின்றவர்கள் பேசியது அந்தப் பந்தைப் பற்றி. ஆகவே நானும் அதையே எழுதுகிறேன்.

எனக்குப் பேஸ்போல் பைத்தியம். பல்கலைக்கழக அணியில் விளையாடுகிறேன். போன கோடையில் ஒரு தொழில்முறை ஆட்டத்துக்கு அப்பாவையும் அம்மாவின் தம்பியான மாமாவையும் அழைத்துச் சென்றேன். வாரம் முழுக்கக் குளிரூட்டிய களஞ்சியத்தில் பெட்டி தூக்கும் அப்பாவுக்கு அது ஓய்வு நாள். முதலில் அவருக்கு எதுவும் பிடிக்கவில்லை. வீரர்கள் சூரியகாந்தி விதையை மென்று கோதைத் துப்பிக்கொண்டே நின்றார்கள். பின்வரிசையில் யாரோ கொட்டிய பியர் எங்கள் செருப்புக்குள் வந்தது.

"உதென்ன பிள்ளை, நிண்ட இடமெல்லாம் துப்பிறாங்கள்? இது விளையாட்டுத் திடலோ, வெத்திலைக் கடையோ?"

"அது ஸ்டைல், அப்பா."

"அருவருப்பெண்டு சொல்லு."

அப்போது பக்கவாட்டில் பறந்த பந்து ஒன்று இருக்கைகளில் பட்டு அப்பாவின் காலடியில் வந்து நின்றது. பேஸ்போலில் அப்படி வரும் பந்து எடுத்தவருக்கே சொந்தம், வீட்டுக்குக் கொண்டுபோகலாம். நான் அதைச் சொல்வதற்குள் அப்பா எழுந்து, கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து எறிவதுபோல் கையைச் சுழற்றி, நேரே ஒரு வீரரின் கைக்கு அனுப்பிவிட்டார். சண்டைக்காலத்தில் ஒற்றைப் பந்தோடு விளையாடியவர் அவர். பந்து திரும்பாவிட்டால் ஆட்டமும் இல்லை. சுற்றியிருந்தவர்கள் ஊளையிட்டார்கள்.

"அத்தான், அது உங்களுக்குத் தாற பந்து. சனம் சிரிக்குது பாருங்கோ," என்றார் மாமா, படம் பிடித்துக்கொண்டே.

"விளையாட்டு முடியேல்லையே. அவங்களுக்குப் பந்து வேணுமெல்லே?"

மாமா அதை 'எங்கட காட்டான்' என்று தலைப்பிட்டுச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். உங்களில் பலர் சிரிக்கும் மஞ்சள் முகங்களை வரிசையாக அடுக்கினீர்கள். பிறகு ஒரு பிறந்தநாள் விழாவில் வடைத் தட்டை நீட்டிய ஒருவர், "அண்ணை, இதையும் திருப்பி எறிஞ்சு போடாதேங்கோ," என்றார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். எடுத்த வடையைக் கடிக்காமல் மேசையில் வைத்தார். அதன்பின் எந்த விழாவுக்கும் அவர் வரவில்லை. "நீங்கள் போயிட்டு வாங்கோ, எனக்கு வேலை," என்பார். வேலை ஒன்றும் இருக்காது. மாரடைப்பு வரும்வரை அப்படியேதான் இருந்தார். திடலில் துப்பிய கோதையாவது யாரோ கூட்டி அள்ளிவிட்டார்கள்; நீங்கள் சிரித்ததை யாரும் அள்ளவில்லை.

இறுதிக்கிரியைக்கு முதல்நாள் மண்டபத் திரையில் காட்டப் படங்களைத் தொகுத்துக்கொண்டிருந்தோம். மாமா, "அக்கா, அந்த வீடியோவையும் கடைசியில போடுவம். சனம் கொஞ்சம் சிரிக்கட்டும்," என்றார். அழுது ஓய்ந்திருந்த அம்மா நிமிர்ந்தார்.

"தம்பி, நாளைக்கு நீ அவரைத் தூக்க வேண்டாம்."

"அக்கா, நான் பகிடிக்கு..."

"ஓம். பகிடி பண்ணினவன் தூக்க வேண்டாம்."

சொந்த மைத்துனர் பேழையைத் தொடாமல் ஓரமாக நின்றது ஏன் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

செய்தி கேட்டு ஓடிவந்தவர்களுக்கும், எங்களை அடுப்பு மூட்டவிடாமல் சோறும் கறியும் கொண்டுவந்த அயல்வீட்டு அன்ரிமாருக்கும், கிரியைகளைச் செய்த ஐயருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. மாமாவின் இடத்தில் தோள்கொடுத்தவர் அப்பாவோடு களஞ்சியத்தில் வேலை செய்த வியட்நாம்காரர். காலில் போட்டிருந்த சப்பாத்தைக் கழற்ற வேண்டுமா என்று மட்டும் கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவருக்கான நன்றியை அடுத்த பக்கத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறோம். மற்றதெல்லாம் உங்களுக்கு நன்றாகப் புரியும் மொழியில்தான் எழுதியிருக்கிறேன்.