சுதாவின் தலைமுடி

எனக்குச் சபையில் கதைக்கக் கூச்சம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குத் தம்பியாகப் பிறந்தவள் சுதா. பெண்ணாக வாழ்வதற்காகப் பத்து வருடங்களுக்கு முன் வீட்டை விட்டுப் போனாள். வவுனியாவில் அறை எடுத்துத் தையல் வேலை செய்தாள். இங்கே புளியங்குளத்தில் யாரும் கேட்டால், "தம்பி வெளிநாட்டில" என்று சொல்லிவிடுவேன்.

போன வருடம் அம்மா காலமானா. "மகன் இருக்கேக்க வேற ஆர் கொள்ளி வைக்கிறது?" என்று சித்தப்பா பிடிவாதமாக நின்றார். நான்தான் சுதாவுக்குப் போன் எடுத்தேன்.

"சேலையோட வந்தால் சுடலைக்கு விடமாட்டினம். தலையை மழிச்சு வேட்டி கட்டினால் நீ கொள்ளி வைக்கலாம்."

"இடுப்பு வரைக்கும் வளர்த்த முடி, அக்கா. மழிக்கத்தான் வேணுமோ?"

"ஓம். அம்மாவுக்காக" என்றேன்.

வந்தாள். முற்றத்தில் கதிரையில் இருத்தி மழித்தார்கள். "இப்பதான்டா ஆம்பிளை மாதிரி இருக்கிறாய்" என்றார் சித்தப்பா. செத்தவீடு என்றும் பாராமல் சனம் சிரித்தது. சுதா என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

சுடலையிலிருந்து அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளுடைய நம்பர் வேலை செய்யவில்லை. தேடிப் போனபோது அந்த அறையில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

இப்போது யார் கேட்டாலும், "எனக்கொரு தங்கச்சி இருக்கிறாள்" என்கிறேன். கேட்டவர்கள் கதையை மாற்றிவிடுகிறார்கள். அன்றைக்கு அந்த முற்றத்தில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.