பிஸ்கட் டப்பாவில் ஒரு பிடி மண்

இந்த இங்கிலாந்தில் கிராமத்தைப் பார்க்க டிக்கெட் எடுத்துக்கொண்டு போகிறார்கள். முதல்முறை கேட்டபோது பிரெண்டா என்னைக் கிண்டல் செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். பிரெண்டா என்னோடு அதே வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ். எங்கள் ஆஸ்பத்திரி கேன்டீன் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை, தனி பஸ், மூன்று அழகான கிராமங்கள், நடுவில் டீயும் ஸ்கோனும். ஸ்கோன் என்பது இனிக்கவும் இனிக்காத, உறைக்கவும் உறைக்காத ஒரு ரொட்டி. "அந்தக் கிராமத்தில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். "ஒன்றுமே இருக்காது மேரி, அதற்குத்தானே போகிறோம்" என்றாள். செஞ்சியில் உட்கார்ந்து இதைப் படிக்கிற நீங்கள் சிரிக்கத்தான் செய்வீர்கள். ஒன்றும் இல்லை என்றுதானே நாமெல்லாம் பஸ் ஏறி ஊரை விட்டு வந்தோம்.

செஞ்சியிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஒரு சின்னக் கோயிலைச் சுற்றி நாற்பது ஐம்பது வீடுகள் உள்ள கிறிஸ்தவ ஊர் எங்களுடையது. ஊரைப் பார்க்க யாரும் வந்ததில்லை. கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள்தான் எப்போதாவது வழியில் நிற்பார்கள். எங்கள் மல்லாட்டைக் கொல்லையிலிருந்து, அதான் வேர்க்கடலை போட்ட நிலத்திலிருந்து, பார்த்தால் கோட்டை இருக்கிற ராஜகிரி மலை முழுசாகத் தெரியும். நான் செஞ்சிக்கு ஹைஸ்கூல் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள், வெள்ளைக்காரர் ஒருவர் காரை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, மலையைப் பார்த்துக் கேமராவை வைத்தார். நடுவில் நைனா, என் அப்பா, குனிந்து மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். நைனா நிமிர்ந்து பார்த்து, பெரிய மனுஷன் கும்பிடுகிறார் என்று நினைத்து, மண்ணோடு இருந்த இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டார். அவர் மறுபடியும் ஆட்டினார். நைனா மறுபடியும் கும்பிட்டார். நான்தான் ஓடிப்போய், "உன்ன நவுந்துக்க சொல்றாரு நைனா, படத்துல நீ விழறியாம்" என்றேன்.

நைனாவுக்குக் கோபமே வரவில்லை. பிடுங்கிய செடிக்கட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பனைமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார். "இப்ப சரியா இருக்குதான்னு கேளு பாப்பா" என்று அங்கிருந்தே கத்தினார். எனக்குத் தெரிந்த ரெண்டு வார்த்தை இங்கிலீஷில் கேட்டேன். அவர் தேங்க்யூ என்றார். அன்றைக்கு முழுக்க நைனா அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "தொரைக்கு படம் நல்லா வந்துருக்கும் இல்ல?" எனக்குத்தான் அவமானமாக இருந்தது. எங்கள் கொல்லையில் எங்களையே நகரச் சொல்ல அவன் யார் என்று மனசுக்குள் பொருமினேன்.

நைனாவுக்கு விவசாயம் தவிர இன்னொரு வேலை உண்டு. சம்பளமில்லாத வேலை. கோயில் மணி அடிப்பது. பூசைக்கு அடிப்பது ஒரு மாதிரி, சாவுக்கு அடிப்பது வேறு மாதிரி. சாவுக்கு என்றால் ஒரு தடவை அடித்து, சத்தம் ஓயும்வரை காத்திருந்து, அடுத்ததை அடிப்பார். அந்த மணி கேட்டால் கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டுக் கல்லறைக்குப் போய் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வர வேண்டும். யார் செத்தது, உறவா, பகையா என்ற கேள்வியெல்லாம் கிடையாது. ஒரு அமாவாசை அன்று மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ் ஒன்று எங்கள் ஊர் வழியாகப் போனது. எதிரில் சவ ஊர்வலம் வருவதைப் பார்த்து டிரைவர் நிறுத்தினார். அங்காளம்மனைக் கும்பிடப் போகிறவர்கள், நெற்றி நிறையக் குங்குமம் வைத்தவர்கள், பஸ்ஸை விட்டு இறங்கி, எங்களோடு கல்லறை வரைக்கும் நடந்து, ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவர்களைக் கூப்பிட்டவர் யாருமில்லை. நாங்கள் அதை ஆச்சரியமாகவும் நினைக்கவில்லை.

அந்த நைனா செத்தபோது நான் போகவில்லை. எழுதும்போதே கை கூசுகிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தம்பி அந்தோணியிடமிருந்து தந்தி வந்தது. வார்டில் நின்றபடியே படித்தேன். உடனே ஓடிப்போய், புறப்பட்டு வருகிறேன் என்று பதில் தந்தி கொடுத்தேன். அறைக்கு வந்து பெட்டியை இறக்கி நாலு துணியை வைத்த பிறகுதான் நினைவு வந்தது, என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க முந்தின வாரம்தான் தபாலில் அனுப்பியிருந்தேன். அது கையில் இல்லை. யார் மேலும் குற்றம் இல்லை, என் மறதிதான். உடனே இன்னொரு தந்தி கொடுத்து வர முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை. எப்படியாவது கிடைத்துவிடும் என்று மறுநாள் பகல் முழுக்க ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். இரண்டாவது தந்தி போவதற்குள் அங்கே எல்லாம் முடிந்திருந்தது.

திண்டிவனத்திலிருந்து ஐஸ் கொண்டுவந்து ஒரு நாள் கூடுதலாக வைத்திருந்தார்களாம். வெட்டிய குழி வெயிலில் திறந்தே கிடந்ததாம். எல்லாரும் மண் போட்ட பிறகும், மகள் வந்துவிடுவாள் என்று மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூடாமல் நின்றார்களாம். தம்பி இதையெல்லாம் நீலக் கடிதத்தில் வரி விடாமல் எழுதியிருந்தான். திட்டி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு அழுதிருப்பேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு டூட்டிக்குப் போனேன். அதற்குப் பிறகு எனக்கு அழுகையே வரவில்லை.

அது நடந்து ஒரு வருஷம் கழித்துத்தான் பிரெண்டா என்னை அந்த டூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். கிராமம் படத்தில் இருப்பது போலவேதான் இருந்தது. தேன் நிறக் கல்லில் வீடுகள், கூரை வேய்ந்த வீடுகள், முழங்கால் அளவு ஓடும் ஓடை, அதன் மேல் ஒரு சின்னக் கல் பாலம். சாணி இல்லை, கோழி இல்லை, சண்டை இல்லை. ஜன்னல்களில் பூ இருந்தது, முகம் இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் ஆளாளுக்குக் கேமராவை எடுத்தார்கள். "எவ்வளவு அழகு, இல்லையா?" என்றாள் பிரெண்டா. "இங்கே யாரும் குடியிருக்கவில்லையா?" என்று கேட்டேன். அவள் அதை ஜோக் என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

அப்போதுதான் மணி அடித்தது. ஒரு அடி, சத்தம் ஓயும்வரை காத்திருப்பு, பிறகு அடுத்த அடி. ஸ்கோன் தட்டைப் பிரெண்டாவிடம் கொடுத்துவிட்டு நடந்தேன். யோசித்து நடந்ததாகச் சொன்னால் பொய். கால் தானாகப் போனது. கோயிலை ஒட்டிய கல்லறையில் பத்துப் பேர் கறுப்பு உடையில் நின்றிருந்தார்கள். பாதிரியார் படித்து முடித்ததும், குடும்பத்தார் இரண்டு மூன்று பேர் குழியில் மண்ணைத் தூவினார்கள். அவர்கள் நகர்ந்ததும் நான் முன்னால் போய்க் குனிந்து ஒரு பிடி அள்ளினேன். ஈரமான கறுப்பு மண். எல்லார் கண்ணும் என் மேல்தான். மஞ்சள் சேலை, அதன் மேல் ஆஸ்பத்திரி கோட்டு, காலுறைக்கு மேல் செருப்பு. நானே இப்போது நினைத்தால் சிரிப்பேன்.

ஐம்பது வயசு இருக்கும், செத்தவரின் மகள் போலிருந்தது, ஓர் அம்மா என்னருகே வந்தாள். "நீங்கள் அந்த முதியோர் இல்லத்து நர்ஸ்தானே? என் அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொண்டதாகச் சொன்னார்கள்" என்று என் தோளைத் தொட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சவக்குழி முன்னால் நின்று பொய் சொல்ல வரவில்லை. "இல்லை அம்மா, மணி கேட்டது, வந்தேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "என் அம்மாவைத் தெரியுமா?" தெரியாது என்றேன். அவள் கை என் தோளிலிருந்து இறங்கியது. உயரமான தொப்பிக்காரர் ஒருவர், அடக்கம் செய்து கொடுப்பதே அவர் தொழில், மெதுவாக என் முழங்கையைப் பிடித்தார். "இது குடும்பத்தாருக்கு மட்டும், கண்ணே" என்று மரியாதையாகவே வெளிக்கதவு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கையை விரித்துப் பார்த்தேன். மண் அப்படியே இருந்தது. போடாமல் வந்துவிட்டேன். நைனாவுக்கும் போடவில்லை, யாரையோ பெற்ற அந்தத் தாய்க்கும் போடவில்லை. அந்த மண்ணைக் கைக்குட்டையில் முடிந்து, அறைக்கு வந்ததும் காலி பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு மூடினேன். டப்பா மூடியிலும் அதே மாதிரி ஒரு கிராமம்தான் அச்சிட்டிருந்தது.

அடுத்த வருஷம் லீவு கிடைத்து ஊருக்குப் போனபோது டப்பாவும் பெட்டிக்குள் வந்தது. நைனாவின் மேல் இதைப் போட்டால் மனசு ஆறும் என்று எப்படியோ எனக்குள் பதிந்திருந்தது. போன மறுநாள் காலையில் தம்பி கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். மழையில் மேடு கரைந்து, சிலுவை சாய்ந்து, நெருஞ்சி முளைத்திருந்தது. அந்தப் பக்கம் ராஜகிரி எப்போதும் போல நின்றது. நான் டப்பாவைத் திறந்தேன்.

"இன்னாக்கா இது?"

சொன்னேன். மணி கேட்டது, போனது, அள்ளினது, எல்லாவற்றையும். அவன் டப்பாவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரோ ஒரு அம்மா குழியில வுழ வேண்டிய மண்ண கொண்டாந்து நைனா மேல போடுவியா? நைனா ஒத்துக்குவாரா? அவரு மணி அடிச்ச மனுசன்க்கா."

"அப்ப இந்த மண்ணயாவது போடறேன்டா" என்று காலடியில் குனிந்தேன்.

"மூடுன குழிக்கு மண்ணு எதுக்கு?" என்றான். குரலை உயர்த்தவில்லை. "நீ வர்றேன்னு தந்தி குடுத்துட்ட. நாங்க நின்னுக்கினே இருந்தோம். ரோட்டுல பஸ்சு வர்ற சத்தம் கேக்குறப்பல்லாம் எல்லாரும் திரும்பி திரும்பி பாத்தாங்க." பிறகு டப்பாவை என் கையிலிருந்து வாங்கி, மூடியை அழுத்தி மூடி, திருப்பிக் கொடுத்தான். "அந்த அம்மாதுதான் இது. அங்கயே கொண்டு போய் போட்டுடு. அதுக்காவது போய் சேரட்டும்." வீட்டுக்கு வந்தோம். மத்தியானம் அவனே தட்டு வைத்து, "சாப்டுக்கா" என்றான். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த சமாதானம்.

அடுத்த கோடையில் கேன்டீன் சுவரில் அதே காகிதம் ஒட்டியதும் நான்தான் முதலில் பெயர் கொடுத்தேன். பஸ்ஸில் பிரெண்டா என் மடியில் இருந்த டப்பாவைப் பார்த்துக் கையை நீட்டினாள். பிஸ்கட் இல்லை என்றேன். நம்பவில்லை, கஞ்சத்தனம் என்று அந்தக் கிராமம் போய்ச் சேரும்வரை கேலி செய்துகொண்டே வந்தாள். கிராமத்தில் இறங்கி எல்லாரும் ஓடைப்பக்கம் போக, நான் கல்லறைக்குப் போனேன். அன்று மணி இல்லை, யாரும் இல்லை. குழி இருந்த இடம் நன்றாக நினைவிருந்தது, சுவரோரம், ஒரு மரத்தடி. இப்போது அங்கே புல் மூடி, புதுக்கல் நட்டிருந்தார்கள். முதன்முதலாக அந்த அம்மாவின் பெயரைப் படித்தேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காய்ந்து பொடியாகியிருந்த மண்ணைக் கையில் கொட்டி, கல்லின் அடியில் போட்டேன். செத்தவர்களுக்கான செபத்தைத் தமிழில் சொன்னேன். எனக்கு வேறு மொழியில் அது வராது.

செபத்தில் இறந்தவர் பெயரைச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. அந்தப் பெயர் கண்ணுக்கு எதிரே கல்லில் இருந்தது. என் வாய் சவரிமுத்து என்றது. நைனாவின் பெயர். நிறுத்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். மறுபடியும் அந்த இடத்தில் சவரிமுத்து என்றே வந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஊரில் அழ வேண்டியது, நெருஞ்சிக்கு நடுவில் அழ வேண்டியது, முன்பின் தெரியாத ஒருத்தியின் கல்லைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அந்த அம்மா என்னை மன்னிக்க வேண்டும். அவளுக்கென்று ஒரு பிடி மண்ணைக் கொண்டுபோய், அதையும் கடைசியில் என் அப்பனுக்கே கொடுத்துவிட்டேன்.

நிமிர்ந்தபோது வெளிக்கதவுக்கு அந்தப்பக்கம் டூரில் வந்த ஒரு பெண் கேமராவோடு நின்றிருந்தாள். கோயில் முழுசாகத் தெரியும் இடம் அது. கையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். நைனா போல அதைக் கும்பிடு என்று நினைத்துக்கொள்ளும் வெள்ளை மனசு எனக்கு இல்லை. என்ன சொல்கிறாள் என்று நன்றாகத் தெரிந்தது. நான் நகரவில்லை. கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தாள், மறுபடியும் கையை ஆட்டினாள், கடைசியில் நானும் விழும்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தப் படம் இப்போது எந்த ஊரில், யார் வீட்டு ஆல்பத்தில் இருக்கிறதோ தெரியாது. நைனாவுக்கு நான் மண் போட்டேன் என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.