கடைசி வரிசைக்கு வந்த போட்டி

தாழ்மையைப் பற்றி நான் பேசாத ஞாயிறு கிடையாது. எங்கள் சபை சின்னது. டயர் கடைக்கு மேலே ஒரு ஹால். நான்தான் பாஸ்டர். மேடையில் உட்கார்ந்துகொண்டு தாழ்மையைப் பேசுவது எனக்கே ஒரு மாதிரி இருந்ததால், ஒரு ஞாயிறு பாட்டு நேரத்தில் இறங்கிப் போய் வாசலோரம் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்க வேண்டும் என்றுதானே போனேன்!

அடுத்த வாரம் சபைப் பொருளாளர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். செயலாளர் விடுவாரா? அவரும் வந்தார். பிறகு பாடகர் குழுவே வந்தது. ஆராதனைக்கு அரை மணி முன்பே பைபிளையும் கைக்குட்டையையும் போட்டு இடம் பிடிக்க ஆரம்பித்தார்கள். யாருக்குத் தாழ்மை அதிகம் என்பதில் பொருளாளருக்கும் செயலாளருக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. முன்வரிசைகள் காலியாகக் கிடந்தன. என் ஊழியம் பலன் கொடுக்கிறது என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்த வரிசையில் வழக்கமாக உட்காருகிறவர் ஒருவர் இருந்தார். பேக்கரியில் இரவெல்லாம் மாவு பிசையும் அக்கா. வேலை முடிந்ததும் உடுப்பில் மாவோடு நேரே வருவார், எப்போதும் கொஞ்சம் தாமதமாக. ஒரு ஞாயிறு வாசலில் நின்று இடம் தேடினார். நான் பல்லெல்லாம் தெரிய, "முன்னாடி போங்கக்கா, முதல் வரிசையே காலியா இருக்கு!" என்று கைகாட்டினேன். ஹாலே திரும்பியது. அவர் தன் உடுப்பைக் குனிந்து பார்த்தார். படியிறங்கிப் போய்விட்டார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

"அவங்களுக்குன்னு இருந்த ஒரே இடத்தையும் பிடுங்கிட்டு, தாழ்மையாம் தாழ்மை!" என்றாள் என் மனைவி. "போய்க் கூப்பிடுங்க. அந்தக்கா இந்தப் பக்கமே வராமப் போயிட்டா, அப்புறம் நீங்க யாருக்குங்க பாஸ்டர்?"

மன்னிப்புக் கேட்க ஒரு நல்ல பேச்சைத் தயார் செய்துகொண்டு பேக்கரிக்குப் போனேன், எந்த இடத்தில் தொண்டை கம்ம வேண்டும் என்பது உட்பட. அக்கா பாதியிலேயே நிறுத்தினார்.

"ஐயோ, கோவமெல்லாம் இல்ல பாஸ்டர். முன்னாடி உக்காந்தா தூங்க முடியாது, அதான். வீட்ல பேரப்பிள்ளைங்க மேல ஏறிக் குதிக்குதுங்க. உங்க பிரசங்கத்துலதான் நிம்மதியாத் தூங்குவேன். ஆண்டவர் பக்கத்துல இருக்காருன்னு ஒரு தைரியம்."

அவர் கண்மூடி ஜெபிக்கிறார் என்று நான் பல கூட்டங்களில் உதாரணம் காட்டியிருக்கிறேன்.

"வாங்கக்கா, உங்க இடம் இருக்கும்," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிறு மேடையேறி நடுநாயகமாக உட்கார்ந்தேன். நான் நகர்ந்தால்தான் மற்றவர்கள் நகர்வார்கள் என்று எனக்குத் தெரியும். நகர்ந்தார்கள். "பாஸ்டருக்குத் தலைக்கனம் ஏறிடுச்சு," என்று பொருளாளர் முணுமுணுத்தது மேடைவரை கேட்டது. காரணத்தைச் சொன்னால் அக்காவின் தூக்கம் சபைக்கே தெரிந்துவிடும். உண்மையாகவே வலித்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா வந்தார். கடைசி வரிசையில் சுவரோடு சாய்ந்துகொண்டார். பிரசங்கத்தின் உச்சத்தில் மேசையில் ஓங்கித் தட்டுவதற்குக் கையை உயர்த்தினேன். அவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கையை மெதுவாக இறக்கி, மீதியை அவர் விழித்துவிடாத குரலில் பேசி முடித்தேன்.