ஆட்டுத்தலையும் லாரித் தண்ணீரும்

கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் ஊர். ஏரி நிரம்பி வழிவதைக் கோடி போவது என்போம். கோடி போகிற தண்ணீர் கால்வாய் வழியாகப் பக்கத்து ஊர் ஏரிக்குப் போகும். அன்றைக்கு ஆடு வெட்டுவோம். கறி எங்களுக்கு, தலை அவர்களுக்கு. தண்ணீரோடு தலையும் போய்ச் சேரவேண்டும் என்பது முறை. என் அக்காவை அந்த ஊரில் கொடுத்திருப்பதால், நான் பிழைப்புக்காகத் திருவண்ணாமலைக்கு வந்த பிறகும் தலையைக் கொண்டுபோக என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

மழை ஏமாற்றி ஏமாற்றி எங்கள் ஊருக்குப் பயம் பிடித்துவிட்டது. போன கார்த்திகையில் ஏரி நிரம்பும் சமயம் பார்த்து, தண்ணீர் வழியும் கோடியில் மணல் மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள். சொட்டுத் தண்ணீர் வெளியே போகவில்லை. அதோடு விட்டார்களா? ஏரி நிரம்பி ஆடு வெட்டாவிட்டால் சாமி குத்தமாம். வெட்டி, தலையைக் குண்டானில் வைத்து மூடி என்னிடம் கொடுத்து அனுப்பினார்கள். இந்தப் புத்திசாலித்தனத்தை எங்கே போய்ச் சொல்ல! வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை.

அக்கா வீட்டுக்காரர்தான் குண்டானைத் திறந்தார்.

"தண்ணி வரல, தல மட்டும் வருதா? எங்களப் பாத்தா கிண்டலா இருக்கா?"

சுற்றி நின்றவர்கள் குண்டானைப் பிடுங்கிக் காய்ந்த கால்வாயில் எறிந்தார்கள். மறுநாள் மூட்டைகளைப் பிரிக்க வந்தார்கள். எங்கள் ஆட்கள் மண்வெட்டியோடு மறித்தார்கள். இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது. அதிலிருந்து இரண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

சித்திரையில் அக்கா மகள் வயதுக்கு வந்தாள். ஒரே பெண். தாய்மாமன் நான் சீர் கொண்டுபோய் மாலை போடவேண்டும். பட்டுப் பாவாடை எடுத்து பீரோவில் வைத்துவிட்டு, அக்கா வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கூப்பிடமாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தேன். அக்காதான் போன் செய்தாள்.

"வந்துடாதடா. உன்ன யாராவது அடிச்சுட்டா நான் எங்க போய் அழுவேன்? பொண்ணுக்குத் தண்ணி ஊத்தி முடிச்சுட்டோம்."

"கெணத்துல தண்ணி இருந்துச்சா?"

"ஏது? லாரியிலதான் வாங்கினோம். எங்க புடிச்சதுன்னு கேட்டேன். நம்ம ஊரு ஏரிக்கரை போர்வெல்லுலதானாம். கிரிவலத்துக்கு வர்றவங்க தங்குற லாட்ஜுங்களுக்கும் அங்கிருந்துதான் போவுதாம்."

திருவண்ணாமலையில் என் தெருவுக்கு வருவதும் அந்த லாரிதான். கால்வாயில் போகக்கூடாத தண்ணீர் லாரியில் போகலாம் போலிருக்கிறது. கோபப்படக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

"பொண்ணு மாமன் ஊருத் தண்ணியிலதான் குளிச்சான்னு நெனச்சுக்கடா" என்றாள். பிறகு அழுதாள். பட்டுப் பாவாடை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.